கடல் ஏறுது

வீட்டுக்குள் நுழையும்போதும் வெளியே இறங்கும்போதும் எடையானில் ஏறி நிற்பது மூன்றாம் மிதப்பூரில் பல் துலக்குவதைப் போன்ற பழக்கம். வாசற்படியில் பதித்திருக்கும் அந்த வட்டத் தட்டு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கழித்துக் கணக்கிடும். குடும்பத்துக்கு அளந்துவிட்ட எடைக்குள் இருந்தால் பச்சை விளக்கு. மீறினால் சிவப்பு. அங்கே கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்பதில்லை, எத்தனை கிலோ வருவீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

அன்று சந்தையிலிருந்து ஒரு பூசணிக்காயோடு வந்த குரூஸ் தட்டில் ஏறியதும் சிவப்பு எரிந்தது. செருப்பைக் கழற்றி வெளியே எறிந்தான். அப்போதும் சிவப்பு. அவன் மனைவி அமலி பூசணியை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் தங்கை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். விளக்கு பச்சையானது. ஊரின் மொத்த எடை ஒரு கடுகளவும் குறையவில்லை. ஆனாலும் பச்சை பச்சைதானே.

இதெல்லாம் ஏன் என்று தெரிய, அந்த ஊர் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். உண்மையில் அது நிற்கவில்லை, மிதக்கிறது. சங்குத்தீவுகள் என்ற சின்னஞ்சிறு நாட்டைக் கடல் விழுங்கியபோது, அந்த மக்கள் வேறு நாடுகளுக்கு ஓடவில்லை. பாசியைப் பழக்கி, சுண்ணாம்பை நுரையாக வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். பொரியைப் போல உள்ளெல்லாம் காற்றறைகள், மேலே கல்லின் உறுதி. அந்த நுரைக்கல்லில் தெருவும் கோயிலும் வீடுமாக ஊர்களைக் கட்டி, மூழ்கிப்போன தீவுகளுக்கு நேர் மேலேயே நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். கடல் ஓரடி ஏறினால் ஊரும் ஓரடி ஏறும். கடலை வெல்ல இதைவிட எளிய வழி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: மிதக்கும் பொருளின் மேல் ஒரு கிலோ வைத்தால், அது ஒரு கிலோ தண்ணீரை ஒதுக்கும் அளவுக்கு அமிழ்ந்தே தீரும். அதனால்தான் எடையான்.

ஊரின் பக்கவாட்டில் சுற்றிவரச் சிவப்பாக ஒரு கோடு பதித்திருந்தார்கள். அமிழ்கோடு என்று பெயர். அதற்குள் உணரிகள் உண்டு. கோடு முழுவதும் ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால், ஊர் ஆபத்தானது என்று கோடே முடிவு செய்து வெளிநாடுகளுக்குச் செய்தி அனுப்பிவிடும். ஆளில்லாத தானோடிப் படகுகள் வந்து நிற்கும். இன்ன குடும்பம் இன்ன நாட்டுக்கு என்று இயந்திரம் சீட்டுப் போடும். கெஞ்சிக் கேட்கக்கூட அங்கே ஓர் ஆள் இருக்க மாட்டார்.

அமிழ்கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இப்போது ஒரு கை அகலம்தான் மிச்சம்.

அமலி அந்த ஊரின் மிதப்பு அளவர். அவளும் ரெஜினாவும் பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடப் பிரிந்ததில்லை. கல்யாணமாகியும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். அடுப்படியில் நின்று சுவரைத் தட்டினால் மறுபுறமிருந்து பதில் வரும். சீட்டில் ஒருத்திக்கு வடக்கே ஒரு நாடும் மற்றவளுக்குத் தெற்கே ஒரு நாடும் விழுந்தால் என்ன செய்வது என்று நினைத்தபடியேதான் அமலி தினமும் கோட்டை அளக்கப் போனாள்.

ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: கடல் ஏறுது. மிதக்கிற ஊரில் கடல் ஏற முடியாது என்று அமலி விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். கேட்டுவிட்டு, சரிதான் அமலி, ஆனா கடல் ஏறுதே என்றார்கள். முப்பாட்டன் காலத்திலிருந்து வாயில் ஊறிய பேச்சு அது. தலைநகரத்து நிபுணர்கள் வேறு சொன்னார்கள்: நுரைக்கல்லின் காற்றறைகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும், எங்கே என்று கண்டுபிடி, அடைத்துவிடலாம்.

அவள் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு ஊரெங்கும் போய்த் தெருவிலும் கோயில் வாசலிலும் துளையிட்டாள். கருவி உருவி எடுத்த நுரைத்தண்டுகளை உடைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ரஸ்க் மாதிரி உலர்ந்திருந்தது. கடைசியாக மிஞ்சியது வடமேற்கு மூலை. ஊர் மற்ற இடங்களைவிடச் சற்று அதிகமாகச் சாய்ந்திருந்த மூலை. அவள் வீடும் அங்கேதான்.

அடுப்படித் தரையில் துளையிட இடம் வேண்டியிருந்தது. சுவரோரமாகப் போட்டிருந்த மேடையைத் தள்ளினாள். குரூஸ் கட்டிய மேடை அது. நுரைக்கல் மேடை என்றால் ஒரு கையால் நகர்த்திவிடலாம். இது அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். காலைச் சுவரில் ஊன்றித் தள்ளினாள். கரண்டியின் காம்பால் பூச்சைச் சுரண்டினாள். உள்ளே கறுப்பாக ஒரு கல், அதில் சிப்பிபோல ஒட்டிக் காய்ந்துபோன கொட்டலசுகள். கல்லின் நடுவே துருப்பிடித்த ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்தக் கம்பியைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் படம் காட்டுவார்கள். மூழ்கிய தீவைக் காப்பாற்ற அந்தக் காலத்தில் கட்டிய கடற்சுவரின் கல் அது. ஒன்றையும் காப்பாற்றாமல் தீவோடு சேர்ந்து கடலடிக்குப் போன சுவர்.

குரூஸ் ஊரின் அடிப்பக்கத்தில் கொட்டலசு சுரண்டும் முக்குளிப்பாளன். வேலை முடிந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன், அவள் கையில் கரண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எப்போ இருந்து?" என்று கேட்டாள் அமலி.

"கல்யாணமான புதுசுல இருந்து." அவன் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "கடல் ஏறுதுன்னு ஊரே பேசுது. நீ கோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தே. வீட்டை யாரு பார்க்க? அலை உள்ள வந்தா தடுக்கணும்லா?"

அடியில் மூழ்கிக் கிடக்கும் சுவரிலிருந்து அவ்வப்போது ஒரு கல்லாக எடுத்து, மீன்வாசல் வழியாகக் கொண்டுவந்திருக்கிறான். மீன்வாசல் என்பது ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் கடலைப் பார்த்திருக்கும் திறப்பு. பிடித்த மீனை அன்றன்றே தின்றுவிடுவார்கள் என்பதால் அங்கே எடையான் கிடையாது.

"நம்ம ஒரு வீட்டுக் கல்லாலயா பிள்ளே ஊர் அமிழப்போகுது?" என்றான்.

அமலி நடுச்சுவரை விரலால் தட்டினாள். இத்தனை காலமும் தட்டிய சுவர்தான். இன்றுதான் காது கொடுத்துக் கேட்டாள். நுரைக்கல் தட்டினால் தேங்காய் மாதிரி ஒலிக்கும். இது மொத்தென்றது. மறுபுறமிருந்து ரெஜினா, "என்னக்கா, உப்பா?" என்று கேட்டாள்.

போய்ப் பார்த்தாள். தங்கையின் அடுப்படியில், அதே சுவரின் மறுபுறம், அதே உயரத்தில் இன்னொரு மேடை. தன் புருஷன் கட்டியது, யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தான் என்றாள் ரெஜினா. அடுத்த வீட்டில் கட்டிலுக்கடியில். அதற்கடுத்த வீட்டில் குளியலறைத் திண்டாக. இருட்டுவதற்குள் அந்தத் தெரு முழுவதையும் தட்டிப் பார்த்துவிட்டாள். நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேங்காய்ச் சத்தம் கேட்ட வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். கடல் தங்களை விழுங்கிவிடுமோ என்று பயந்து, கடலுக்கடியில் கிடந்த தீவையே கல் கல்லாகப் பெயர்த்து ஊரின் தலையில் ஏற்றியிருந்தார்கள்.

மறுநாள் ஊர்க்கூட்டம். அமலி ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டாள். தொட்டியில் இன்னும் தண்ணீர் ஊற்றினாள். கிண்ணம் கூடவே ஏறியது, ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பிறகு கிண்ணத்தின் உள்விளிம்பைச் சுற்றிச் சிறு கற்களை வரிசையாக அடுக்கினாள், தண்ணீர் வராமல் தடுக்கச் சுவர் வைப்பதுபோல. பாதிச் சுற்று முடிவதற்குள் கிண்ணம் சாய்ந்து குபுக்கென்று போய்விட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஊர்த்தலைவர் சூசை மாமாதான் முதலில் வாய் திறந்தார். பழைய காலத்து மனுஷர்களைப் பற்றி ஒரு கதை சொன்னார். அவர்களுக்கு வீட்டுக்குள் புழுங்குமாம். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருக்கும் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டும் இயந்திரம் ஒன்றைச் சுவரில் மாட்டுவார்களாம். எல்லோரும் மாட்டியதும் தெரு கொதித்ததாம். தெரு கொதிக்கிறதே என்று இன்னும் பெரிய இயந்திரமாக வாங்கினார்களாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நாம அவங்க இல்லைய்யா," என்றார் சூசை மாமா. "கல்லை எல்லாம் வெளிய எடுங்க. விடிஞ்சதும் கடல்ல தள்ளிருவோம்."

எல்லோரும் கை தூக்கினார்கள். அமலிக்கு அழுகை வந்தது. அன்று மாலையே குரூஸ் மேடையை உடைத்து, கற்களை மீன்வாசலுக்கு வெளியே இருந்த திட்டில் அடுக்கினான். கடைசியாக உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் மிஞ்சியது. அதில் ஒரு சங்கின் சுருள் அச்சு பதிந்திருந்தது. மூழ்கிய ஊரின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அமலி அதை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் ஓடிப்போய்க் கோட்டைப் பார்த்தாள். கோடு இல்லை. குனிந்தாள். தண்ணீருக்குக் கீழே, சிவப்பாக மங்கித் தெரிந்தது.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். வீட்டுக்கு வந்தால் மீன்வாசலில் கற்கள் இல்லை. அவள் தள்ளியிருப்பாள் என்று குரூஸ் நினைத்திருந்தான், அவன் தள்ளியிருப்பான் என்று அவள். நடுச்சுவரின் மறுபுறம் கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்டது. ரெஜினாவின் அடுப்படியில் மேடை இடுப்பளவிலிருந்து மார்பளவுக்கு உயர்ந்திருந்தது.

"நீங்க வேண்டாம்னுதானே வெளிய போட்டீங்க," என்றாள் ரெஜினா, பூச்சு அப்பிய கையோடு. "எல்லாரும் கல்லைத் தள்ளிட்டா ஊர் தானா ஏறிடும், அப்போ நம்ம நாலு கல்லு மட்டும் இருந்தா என்னன்னு இவரு சொன்னாரு. நல்ல கல்லுக்கா."

தெருவில் எல்லா வீட்டுக் கதையும் அதுதான். ஒருவர் வெளியே வைத்ததை மற்றவர் உள்ளே எடுத்துக்கொண்டார். மற்றத் தெருக்களில் இதுவரை கல்லே வைக்காதிருந்த குடும்பங்களெல்லாம், கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்து, இத்தனை காலம் நாம் மட்டுமா ஏமாந்தோம் என்று ஆத்திரப்பட்டு, கூட்டம் கலைந்த கையோடு முக்குளிக்கப் போயிருந்தன. கல்லைக் கடலுக்குள் தள்ளியவர் ஒருவர்கூட இல்லை.

அமலி வீடு வீடாகப் போய்க் கத்தினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரர் தள்ளட்டும் என்றார்கள். அன்று பகல் முடிந்து இரவும் கழிந்தது, கோடு வெளியே வரவில்லை.

படகுகள் வந்தன. சீட்டும் வந்தது. அமலிக்கு வடக்கு. ரெஜினாவுக்குத் தெற்கு.

தானோடிகள் எடையான் இல்லாத நாடுகளிலிருந்து வந்தவை, ஏறும் இடத்தில் தட்டு கிடையாது. வாழ்நாளில் முதல்முறையாக அந்த மக்கள் எடை பார்க்காமல் மூட்டை கட்டினார்கள். அம்மி வந்தது, தையல் இயந்திரம் வந்தது. நெஞ்சோடு அணைத்த சாக்குப் பைகளும் வந்தன, அவற்றில் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ரெஜினா எதிர்ப் படகிலிருந்து அக்காவைப் பார்த்தபடியே நின்றாள். சத்தம் போட்டுப் பேச முடியாத தூரத்துக்குப் போன பிறகும், எதிரே ஏதோ சுவர் இருப்பதுபோல விரலை மடக்கிக் காற்றில் தட்டிக் காட்டினாள். அவள் படகு தண்ணீரில் மிகவும் தாழ்ந்து போய்க்கொண்டிருந்ததை அமலி கவனித்தாள்.

தன் படகின் விளிம்பைப் பார்த்தாள். ஒரு கை அகலம்.

அலை ஒன்று விளிம்பைத் தாண்டிச் சூசை மாமாவின் காலை நனைத்தது. அவர் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார்.

"பார்த்தியா அமலி," என்றார். "கடல் இங்கயும் ஏறுது."

ஆமாம் ஆமாம் என்றது படகு. தண்ணீர் உள்ளே வராமலிருக்க யாரோ தன் மூட்டையை எடுத்து விளிம்போரம் வைத்தார். அடுத்தவர் அதன் பக்கத்தில் தன் அம்மியை வைத்தார். குரூஸ் தன் சாக்குப் பையைத் தூக்கினான். அவனும் ஒரு பை கொண்டுவந்திருப்பதை அமலி அப்போதுதான் பார்த்தாள்.

"எல்லாத்தையும் கடல்ல போடுங்க," என்றாள். 

"நீ முதல்ல போடும்மா," என்றார் சூசை மாமா, கோபமில்லாமல்.

அவள் கை மடியிலிருந்த பைக்குள் போனது. சங்கின் சுருள் விரலில் தட்டுப்பட்டது. வழவழப்பான, சின்னஞ்சிறு கல். இந்த ஒரு கல்லாலா என்று நினைத்தாள். கையை வெளியே எடுத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.