நாலு நொடி விசும்பல்

பகல் இரண்டு மணிக்குக் கோரின் போய்ச் சேர்ந்தபோதும் பாடகன் லில் சிண்டரின் வீடு இருட்டாகத்தான் இருந்தது. ஜன்னல்களுக்கு அவனே கறுப்புத் தாள் ஒட்டியிருந்தான். வெளியே லாஸ் ஏஞ்சலஸின் ஜூலை வெயில் கொளுத்தியது. உள்ளே புளித்த பாலும் விலை கூடிய சென்ட்டும் கலந்த நாற்றம்.

அவன் சோபாவில் மல்லாந்து, பெரிய கிண்ணத்தில் சீரியல் தின்றுகொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே பச்சை குத்திய கண்ணீர்த் துளி. அந்த முகம் கண்ட ஒரே கண்ணீர் அதுதான்.

"வந்துட்டியா கோரி? பாட்ட மேடைக்குக் குரல் தனியா, இசை தனியா பிரிச்சுக் குடு. ஆரம்பத்துல வர்ற விசும்பல நல்லா பெருசாக்கு. அதுக்குத்தான் கூட்டமே கத்துது."

"சரி எட்வின்."

"சிண்டர்னு கூப்பிடு. எத்தன தடவ சொல்றது?"

அந்த ஒரு பாட்டுதான் அவனுக்கு இந்த வீட்டைக் கொடுத்தது. நாலு சுரம் கிடார், அதன்மேல் ஒரு முனகல். முனகலுக்குக்கூட இயந்திரம்தான் சுதி சேர்த்தது. 'நான் கூப்பிடக் கூப்பிட நீ திரும்பாமல் போனாய்' என்று காதலியைப் பழிக்கும் பாட்டு. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதைக் கேட்டு அழுதார்கள். போனவளைச் சபித்தார்கள்.

போனவள் மேஸி. கோரினின் தோழி, அவளோடு நாலு வருடம் ஒரே அறையில் இருந்தவள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், நெடுஞ்சாலை ஓரம் லாரி மோதிச் செத்தவள். பாட்டு வந்த பிறகு, அவள் அம்மா ஜோலீனின் வீட்டுச் சுவரில் யாரோ 'துரோகி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

பாட்டின் தொடக்கத்தில் நாலு நொடி ஒரு பெண் விசும்புவாள். தன் குரலையே மாற்றியது என்று எட்வின் பேட்டிகளில் அளப்பான். யார் விசும்பல் என்று கோரினுக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. மேஸி கடைசியாக ஃபோனில் கூப்பிட்டது எட்வினைத்தான். அவன் எடுக்கவில்லை. அவள் விட்ட குரல் செய்தியை ஜோலீன் மூன்று முறை கெஞ்சிக் கேட்டாள். அழித்துவிட்டேன் என்றான்.

அதைத் தேடித்தான் கோரின் இந்த வேலைக்கே ஒப்புக்கொண்டாள்.

அவன் பாடுவது படுக்கையறையின் துணி அலமாரிக்குள். தொங்கும் கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும். அலமாரிக் கதவை ஒட்டி மேசையும் கணினியும் இருந்தன. கோரின் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

வீட்டிலேயே பாட்டுப் பதிகிற இந்தப் பையன்கள் செய்கிற தப்பை அவனும் செய்திருந்தான். திரையில் ஒலித்துண்டை வெட்டினால் மிச்சம் அழிந்துவிடும் என்று நினைப்பு. அழியாது. மறைந்துதான் இருக்கும். துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் திரும்பி வரும்.

இழுத்தாள்.

"எட்வின், ஃபோன எடுடா. கார் நின்னுடுச்சு. மழை கொட்டுது. ரோட்டோரமா நடந்துக்கிட்டு இருக்கேன். நீ பக்கத்துலதான இருக்க? எடு எட்வின்..."

அதற்குப் பிறகுதான் அந்த விசும்பல்.

அதைத் தனியாகச் சேமித்துப் பென்டிரைவில் ஏற்றினாள். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. அந்த இடத்தோடு துண்டு முடிந்திருக்க வேண்டும்.

ஓரம் இன்னும் நகர்ந்தது.

மழை. ஈரச் செருப்பின் சத்தம். பிறகு மழை குறைந்து, கிண்ணத்தில் கரண்டி இடிக்கும் சத்தம்.

கிண்ணம் உடைந்தது.

"யாராவது எடுங்க..." எட்வினின் குரல்.

கோரின் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வீடு அமைதியாக இருந்தது. கூடத்தில் கரண்டி இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. கிண்ணம் உடையவில்லை.

கிண்ணத்தோடு அவன் வாசலில் வந்து நின்றான். "முடிஞ்சுதா?"

"அவ உன்ன விட்டுட்டுப் போகல. உன்ன நம்பி நடந்து வந்திருக்கா."

திரையைப் பார்த்தான். முகத்தில் வெட்கம் துளியும் இல்லை.

"சரி, அழிச்சிடு."

"நீ எடுத்திருந்தா அவ உயிரோட இருந்திருப்பா."

"எடுத்திருந்தா பாட்டே வந்திருக்காது." சிரித்தபடி ஒரு வாய் தின்றான். "யோசிச்சுப் பாரு."

அலமாரிக்குள் ஒரு ஃபோன் அடித்தது.

"என் ஃபோன் பாக்கெட்லதான இருக்கு," என்றான்.

கதவு விரல் அகலம் திறந்துகொண்டது. டீசலும் நனைந்த தாரும் மணத்தன. அந்த ஊரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கிண்ணம் கீழே விழுந்து உடைந்தது.

"யாரு உள்ள? எந்த ரசிகை? எப்படி வந்த?" வீராப்பாகத்தான் நுழைந்தான். கதவு சாத்திக்கொண்டது.

ஃபோன் நின்றது.

கோரின் கதவை இழுத்தாள். உடனே திறந்தது. உள்ளே கோட்டுகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கைநுனியிலும் நீர் சொட்டியது.

மனம் உடைந்து எங்கோ போய்விட்டான் என்று ரசிகர்கள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நல்ல வேளை, அதை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையும் பாட்டாக்கியிருப்பான்.

ஒரு வாரம் கழித்துக் கோரின் பென்டிரைவை ஜோலீனிடம் கொண்டுபோய், மடிக்கணினியில் செருகினாள். ஜோலீன் மடிக்கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் குரலைக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இத ஊருக்குப் போட்டுக் காட்டிடு கண்ணு," என்றாள் ஜோலீன். "சுவத்த நான் கழுவிக்கிறேன்."

ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஆயிற்று. மழைச் சத்தம் நிற்கவில்லை. இப்போது ஈரச் செருப்பின் பின்னால் இன்னொரு காலடியும் ஓடி வந்தது. ஒருவன் அழுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக, எந்த இயந்திரமும் இல்லாமல் சுதி சேர்ந்திருந்தது.

"யாரு இது? பாவம், இப்படி அழுவுறானே."

"எட்வின்."

ஜோலீனின் முகம் இறுகியது. "நிறுத்து அத."

கோரின் உள்ளங்கையை விரித்துப் பென்டிரைவைக் காட்டினாள்.

"இதக் கழட்டி ஒரு நிமிஷம் ஆச்சு, ஜோலீன்."