தூசியில் ஒரு தடம்

குன்னத்தூர் ரோட்டில் பனியன் துணி பின்னும் அந்த நிட்டிங் கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. கீழே மெஷின்களைக் கழற்றி விற்றுவிட்ட வெறும் கூடம். மேலே மேற்குப் பார்த்த ஒற்றை அறை. ஒரு திங்கட்கிழமை காலை சித்ரகலா பையும் லேப்டாப்புமாக அங்கே வந்து சேர்ந்தாள்.

"சத்தம் சந்தடி ஒண்ணும் இருக்காதுங்க. நெட்டு நல்லா வரும்," என்று சாவியைக் கொடுத்தார் உரிமையாளர் வெள்ளியங்கிரி.

அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. வானியல் ஆராய்ச்சி மாணவி அவள். பெங்களூரில் விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமோ பாதியில் நின்றது. அம்மா போன பிறகு குன்னத்தூர் வீட்டை அண்ணன் விற்றுவிட்டான். எங்காவது உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டும்.

விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஓர் இளம் நட்சத்திரத்தின் படங்கள் திரையில் கிடந்தன. நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி வளையம். அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் புள்ளிகளெல்லாம் பல கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் விண்மீன் திரள்கள். தூசியென்று ஏமாந்துவிடாமல் அவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். நீக்க நீக்க, வளையத்துக்குள் மெல்லிய இடைவெளி ஒன்று துலங்கியது. தூசி தானாக அப்படி விலகாது. கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று திரும்பத் திரும்பச் சுற்றிவந்து வழியைத் துடைத்திருக்கிறது. அவள் நிரூபிக்க வேண்டியது அதைத்தான்.

நாளெல்லாம் பேச்சில்லை. மத்தியானம் மெஸ்காரர் கேட்கும் "பார்சலுங்களா?" ஒன்றுதான் அவள் காதில் விழும் மனிதக் குரல்.

புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, ஜன்னல் வெயில் தரையில் சாய்ந்தபோது, டீ போட எழுந்தவள் அப்படியே நின்றாள்.

காலையில் கூட்டிய சிமெண்டுத் தரையில் பஞ்சுத் தூசி வட்டமாகப் படிந்திருந்தது. வட்டத்தின் நடுவில் அவள் நாற்காலி. தூசிக்குள்ளே, நாற்காலியைச் சுற்றி, சுத்தமாகத் துடைத்த ஒரு தடம்.

ஒரு பாதம் அகலம்.

ஃபேன் காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். காகிதம் பறக்குமென்று ஃபேனைப் போட்டதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கூட்டித் தள்ளினாள். மறுநாள் அதே நேரத்துக்கு வளையம் திரும்ப இருந்தது. டேப்பை எடுத்து அளந்தாள். நாற்காலியிலிருந்து நான்கடி.

வெள்ளிக்கிழமை இரண்டடி.

தேங்காய் எண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனை அறையில் சுழன்றது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல ஒரு சத்தம், முதலில் இடப்பக்கம், பிறகு முதுகுக்குப் பின்னால், பிறகு வலப்பக்கம்.

வெள்ளியங்கிரிக்குப் போன் செய்தாள். "ஏனுங்க, இந்த ரூம்ல முன்னால யாருங்க இருந்தாங்க?"

அவர் போனோடு வெளியே நடந்துபோகும் சத்தம் கேட்டது.

"சீனியம்மான்னு ஒருத்திங்க. ஊரு தெக்க, சாயல்குடிப் பக்கம். கம்பெனியில பஞ்சு கூட்டுறவ. கொரோனா ஊரடங்குல மத்தவங்கெல்லாம் கெடச்ச வண்டியில போயிட்டாங்க. இவளுக்கு இருமல்னு எவனும் ஏத்திக்கல. உங்க கார்ல ஊருக்குக் கொண்டு போய் உட்ருங்க மொதலாளின்னு கேட்டா. நானும் நாளைக்கு, நாளைக்குன்னு... நாலு நாள் கழிச்சுத்தானுங்க கதவ ஒடச்சோம்."

"நான் நாளைக்குச் சாயங்காலம் கிளம்பிக்கறேனுங்க."

"செரிங்க. நானே வந்து சாவி வாங்கிக்கறேன்."

சனிக்கிழமை பையைக் கட்டி வைத்துவிட்டுக் கடைசி ஃபைலை அனுப்ப உட்கார்ந்தாள். அனுப்பி முடிகையில் மணி நாலேகால். தரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தாள்.

வளையம் இல்லை. தரை முழுக்கச் சுத்தம்.

கழுத்துக்குப் பின்னால் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு.

அவளால் திரும்ப முடியவில்லை.

தலைமுடிக்குள் விரல் நுழைந்தது. ஒரு இழுப்பு. மறுபடி ஒன்று. மெதுவாக, வலிக்காமல். தோளைத் தாண்டி மடியில் ஒரு துணுக்குப் பஞ்சு விழுந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் ஒருத்தி தலையிலிருக்கும் பஞ்சை இன்னொருத்தி எடுத்துவிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அம்மா போன பிறகு அவள் தலையை யாரும் தொட்டதில்லை. பயத்துக்கு நடுவிலேயே கண் நிறைந்தது.

காதோரம் கரகரத்த குரல் கேட்டது.

"போலாமா தாயி?"

எங்கே, எந்த வீட்டுக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியாது, அவள் தலை சம்மதமாக மெல்ல ஆடியது.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே வெள்ளியங்கிரி இரும்புக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வெயில் இன்னும் இருந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லையே என்று திரும்பினாள்.

அவர் கதவை விடாமல், சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றார். தலை குனிந்திருந்தது. பார்வை படியில் ஆரம்பித்து, வாசலுக்கு வந்து, சித்ரகலாவின் பக்கத்தில் வெறும் மண்ணில் நின்றது.

"போயிட்டு வா, சீனியம்மா," என்றார்.