‘அனுமதி’யை அழுத்திய பிறகு

அப்பாவின் அறையில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. கரண்ட் போயிருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால், ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஒரு பக்கமாக எழும்பி, கீழே இறங்காமல் அந்தரத்திலேயே நின்றிருந்தது. நின்றது மின்விசிறி அல்ல, கணினித் திரையில் ஓடிய படம்.

காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஏசியை யாரோ அணைத்துவிட்டுப் போயிருந்ததால் பகல் முழுக்கத் தெரியாத சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன: தண்ணீர் கேனில் ஒரு குமிழி, கண்ணாடிக் கதவின் முனகல், சூடான பிளாஸ்டிக் வாசனையோடு அவளுடைய கணினி விடும் நீளமான பெருமூச்சு.

அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். பகலில் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா சாயங்காலம் கிளம்பிவிடுவார். அவள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும்வரை அப்பா தனியாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்காகத்தான் கட்டிலுக்கு எதிரே கேமரா வைத்திருந்தாள். பிரவுசரின் ஒரு மூலையில் அப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மிச்சத் திரையில் வேலை செய்வாள்.

அம்மா போனதிலிருந்து அவளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தைரியமான பெண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தைரியமாவது மண்ணாவது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல் இருந்தது; தொட்டால் தெரியும், வலிக்காது. அப்பாவும் அவளை மகளென்று கண்டுகொள்வதை விட்டுவிட்டார். “சிஸ்டர்” என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை அழுதாள். பிறகு பழகிவிட்டது.

நின்றுபோன படத்தின் நடுவில் ஒரு பெட்டி வந்தது. ‘உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது. தொடர்ந்து பார்க்க அப்டேட் செய்யவும்.’

அழுத்தினாள். ஏதோ ஒன்று இறங்கியது. உடனே ஆன்டிவைரஸ் சிவப்பாக எழுந்து கத்தியது: ‘இந்தக் கோப்பு ஆபத்தானது. தடுக்கவா, அனுமதிக்கவா?’

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தின் சொந்த மென்பொருளை, மேனேஜரின் மச்சான் எழுதிக் கொடுத்ததை, ஆன்டிவைரஸுக்குக் கண்டாலே ஆகாது. தினமும் காலையில் சிவப்புப் பெட்டி வரும்; தினமும் எல்லோரும் ‘அனுமதி’யை அழுத்துவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கொசு விரட்டும் கைக்கு யோசனை எதற்கு?

அனுமதி.

கேமராவைப் பயன்படுத்த வேண்டும் என்றது. அனுமதி. மைக்கைப் பயன்படுத்த வேண்டும் என்றது. அனுமதி. அடுத்து வந்த பெட்டியையும் அழுத்தினாள். அது மறைகிற நேரத்தில்தான் அதில் என்ன எழுதியிருந்தது என்று மூளைக்கு எட்டியது.

‘வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதை உறுதிசெய்யவும்.’

திரைச்சீலை கீழே இறங்கியது. மின்விசிறி சுற்றியது. அப்பா படுத்திருந்தார், மார்பு ஏறி இறங்கியது. சரியாகப் படித்திருக்க மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செல்போன் அடித்தது. சிஸ்டம்ஸ் பிரிவில் இருப்பவர்.

“மேடம், இன்னும் கிளம்பலையா? உங்க கம்ப்யூட்டர்ல இருந்து இங்க அலாரம் வருது. ஏதாவது பண்ணீங்களா?”

“பிரவுசர் அப்டேட் கேட்டுச்சு.”

“எங்க கேட்டுச்சு? மெனுவுலயா, பக்கத்துக்கு நடுவுலயா?”

“நடுவுல.”

“ஐயோ, பிரவுசர் அப்படிக் கேக்கவே கேக்காது மேடம். சிவப்பா எதுவும் வரலையா?”

“வந்துச்சு.”

“என்ன பண்ணீங்க?”

“தினமும் பண்றதுதான்.”

“சரி, பின்னாடி நீல ஒயர் இருக்கு பாருங்க. முதல்ல அதைப் பிடுங்குங்க. அப்புறம் எதையும் தொடாதீங்க. நான் வர்றேன்.”

மேசைக்கு அடியில் குனிந்து, தூசிக்குள் கைவிட்டுத் தேடி, ஒயரைப் பிடுங்கினாள். நிமிர்ந்தாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒயர் கையில் தொங்கியது. இணைப்பு இல்லை என்ற அடையாளம் திரையின் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே அப்பா மெல்லத் தலையைத் திருப்பினார். கேமராவைப் பார்த்து அல்ல. கதவைப் பார்த்து.

“வந்துட்டியாம்மா?” என்றார்.

எத்தனை காலமாயிற்று, மகளைக் கூப்பிடும் அந்தக் குரலைக் கேட்டு.

“வந்துட்டேன்ப்பா” என்று பதில் வந்தது. களைத்த குரல். செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசுகிறவளின் குரல். அவளுடைய குரல்.

சேலை மடிப்பு ஒன்று படத்துக்குள் வந்தது. பிறகு தோள், பின்னல், முதுகு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டது. அப்பா சிரித்தார்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் முதலில் வந்தது பயம் அல்ல, நிம்மதி. அப்பாடா, யாரோ கூட இருக்கிறார்கள். இன்றைக்கு அவசரமாக ஓட வேண்டாம். அப்படி நினைத்த தன்னைக் கண்டுதான் அவள் பயந்தாள்.

ஆன்டிவைரஸ் பச்சையில் ஒரு பெட்டி காட்டியது. ‘ஆபத்து எதுவும் இல்லை.’

செல்போனை எடுத்தாள். வீட்டுக்கு அடித்தாள். கட்டிலருகே இருந்த போன் படத்துக்குள் மணியடித்தது, காதிலும் மணியடித்தது. அப்பாவின் நல்ல கை அதை நோக்கி நீண்டது. அந்த முதுகு, குழந்தையின் கையை அடுப்பிலிருந்து விலக்குவதுபோல் அதை விலக்கிவிட்டு, ரிசீவரை எடுத்தது.

“யாரு நீ?” என்றாள் அவள்.

“மெதுவாப் பேசு.”

“அப்பாகிட்ட குடு.”

“இப்பதான் கண்ணை மூடினார். நீ வேலையப் பாரு.”

திரையில் அப்பாவின் கண்கள் திறந்திருந்தன.

அகலத் திறந்திருந்தன. சிரிப்பு போயிருந்தது. முதல்முறையாக அவர் கேமராவையே நேராகப் பார்த்தார். அவளையே பார்த்தார். வாய் கோணி, சத்தம் வராமல் அசைந்தது. சிஸ்டர் என்று அல்ல. அவளுடைய பெயரை.

“அப்பா,” என்றாள்.

அவர் முகத்துக்கு மேலே அந்தக் கை, விரல்களை விரித்து, கண்களை நோக்கி மெதுவாக இறங்கியது.