வலிப்பாலத்தின் பூச்சியம்

பேச்சித்தாயின் எண் மூன்று என்று திரையில் வந்ததும், அவள் கணவர் சங்கரபாண்டி, "நாந்தான் அப்பவே சொன்னேம்லா டாக்டர், நடிக்கா" என்றார்.

நாலுக்குக் கீழே வந்தால் நோயில்லை. மருந்தும் கிடையாது, ஓய்வும் கிடையாது, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்க்க வேண்டியதுதான். உடம்பு முழுக்க வலிக்கும், ஆனால் எந்த ஸ்கேனிலும் தெரியாத அந்தப் பொல்லாத நோயை அளக்க டாக்டர் எழிலரசி உருவாக்கிய கருவிதான் வலிப்பாலம். ஒருவர் உடம்பின் உணர்வை, இன்னொருவருக்கு அவருடைய சொந்த உணர்வுக்குப் பதிலாகச் சில நிமிடம் கடத்தும். அடேயப்பா, என்ன மூளை அந்தம்மாவுக்கு! ஒவ்வொரு நாட்டிலும் நோயில்லாத ஒருவரின் உடம்பைப் பூச்சியமாக வைத்து அளந்தார்கள். நார்வேப் பெண்களுக்கு எட்டு, ஒன்பது. திருநெல்வேலிப் பெண்கள் மூன்றைத் தாண்டவில்லை. நம்மவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

எழிலரசிக்கு மனம் ஒப்பவில்லை. பேச்சித்தாயின் முகமே சொல்கிறதே! நார்வே நோயாளி இங்கெரை இணைத்து, பேச்சித்தாயின் உணர்வை அனுப்பினார்.

"ஐயோ! அப்படியே என் வலி" என்று மொழிபெயர்ப்பியில் இங்கெரின் குரல் அலறியது.

அப்படியானால் மூன்று எப்படி வரும்? கோளாறு பூச்சியத்தில்தான் இருக்க வேண்டும். பூச்சியமாக வைத்த அந்த உடம்பின் உணர்வையும் அனுப்பிப் பார்த்தார்.

"இவருக்கும் வலிக்கிறதே. யார் இந்த நோயாளி?"

எழிலரசி தடுமாறிப்போனார். "அது நான்தாம்மா. எனக்கு ஒண்ணுமில்லையே. எப்பவும் இருக்கிற உடம்பு உளைச்சல்தான்."

"அந்த நோயே அதுதான், டாக்டர்."

தன் தவறை அன்றைக்கே உலகத்துக்கு அறிவித்தாரே, அந்த நேர்மைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். புதுப் பூச்சியத்துக்காக நர்ஸைக் கேட்டார், கேண்டீன் அக்காவைக் கேட்டார். எல்லாரும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் படுத்தார்கள். ஒவ்வொருவர் உணர்வை வாங்கியபோதும் இங்கெர் வலியில் முனகினாள். கடைசியில் வேறு ஆளில்லாமல் சங்கரபாண்டியைப் படுக்க வைத்தார்கள்.

"ஆகா! பூச்சியம் என்றால் இது" என்றாள் இங்கெர்.

பேச்சித்தாயின் எண் எட்டுக்கு ஏறியது. சிகிச்சை உறுதியாயிற்று. சரிபார்ப்பதற்காக எழிலரசி சங்கரபாண்டி உடம்பின் உணர்வைப் பேச்சித்தாய்க்கும் அனுப்பினார்.

அவள் கையை நீட்டினாள், மடக்கினாள், மறுபடியும் நீட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"மனுச ஒடம்பு இப்படியா இருக்கும்?" என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இந்த ஒடம்ப வச்சிக்கிட்டா, ஒரு சொம்புத் தண்ணிக்கு என்னைய எழுப்புனீங்க?"