கீரமங்கலம் சாலையில் இரட்டைப் பல்சக்கரம்

மூன்று முறை மணியடித்தும் அந்த ஆள் நகரவில்லை. தூறலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சாலை நடுவே குந்தியிருந்தான்.

சொர்ணவல்லி இறங்கினாள். "வழி விடுறீங்களா? பிரசவத்துக்குப் போறேன்."

அவன் நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி நின்ற கண்கள்... கையெல்லாம் கறுப்பு. "செயின் சிக்கிக்கிருச்சுங்க."

எட்டிப் பார்த்தாள். பெடலை ஒட்டி ஒன்றுக்கு இரண்டு பல்சக்கரங்கள்.

"எதுக்குங்க ரெண்டு?"

"மேட்டுக்குச் சின்னது, சமதளத்துக்குப் பெருசு. கடல் தாண்டி சைகோன்ல நான் வேலை பாக்குற சைக்கிள் கடையில இதுதான் ஓடுது."

"சேத்துக்கு எது?"

அவன் மறுபடி செயினைப் பிடித்து இழுத்தான். அவள் கொண்டையூசியை உருவி நீட்டினாள். அவன் நெம்பியதும் செயின் வெளியே வந்தது. ஊசியைத் துடைத்துத் தருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அவள் கேட்ட கேள்வி அவனுக்கு, ஆத்மநாதனுக்கு, சுருக்கென்றது. கண்மாய் மேட்டில் அவள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது, செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றி, இறங்காமலே அவளைத் தாண்டினான். மேலே போய் ஜெயித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தான்... பின்னால் கட்டிய பை ஒரு பக்கம் இழுக்க, மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள் அவள். சிரிப்பு நின்றது. கீழே ஓடினான்.

"பையைக் குடுங்க. முந்திப் போயி வெந்நி போடச் சொல்றேன்."

பையை அவிழ்த்துக் கொடுத்தாள். "செல்லமுத்து வீடுன்னு கேளுங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தலை திரும்பாத குழந்தை. கால் மணி தாமதித்திருந்தால்... அதை நினைக்க அவள் விரும்பவில்லை. குழந்தை அழுதது. தாயும் பிழைத்தாள்.

வெளியே தென்னையடியில் அவன் நனைந்து நின்றான். "ஒங்க வண்டிக்கும் ரெண்டு பல்சக்கரம் போட்டுத் தாரேன்."

"வேணாங்க. நடுவழியில கழண்டா யாரைத் தேடுறது? ஒத்தச் சக்கரம்னா நானே மாட்டிக்கிருவேன். அதோட... நர்ஸு சைக்கிள் ஓட்டுறதையே ஊரு பேசுது. ஆம்பளைகிட்ட ஒத்தாசை வேற வாங்கணுமா?"

"அப்ப தள்ளிக்கிட்டே போங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டு நாள் அவன் கண்ணில் படவில்லை. சாலையில் மணி கேட்டபோதெல்லாம் அவள் மனம் ஒரு படி இறங்கி ஏறியது. எனக்கென்ன வந்தது... என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதிமூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றான். அவன் சைக்கிளில் பெடலை ஒட்டி இப்போது ஒரே பல்சக்கரம்.

"அன்னைக்கிப் பேசுனது தப்புங்க." தரையைப் பார்த்தபடி சொன்னான். "நெறைய யோசிச்சேன். திருச்சி ரோட்டுல காத்துக்கு எதிரா நாள் பூரா போறவனுக்கு ரெண்டு வேணும். இந்தச் செம்மண்ணுல ஒண்ணுதான் சரி. ஆனா பின்னால பல்லு கூடணும். பதினெட்டு பல்லு இருந்த எடத்துல இருபத்திரெண்டு போட்டேன். கண்மாய் மேட்டுல அம்பது தடவை ஏறிப் பாத்துட்டேன்."

"சமதளத்துல?"

"காலு வேகமாச் சுத்தும். வண்டி கொஞ்சம் மெதுவாத்தான் போகும். அதை மறைக்கல."

மறைக்கல... அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. வண்டியைத் தந்தாள். அவன் புதுப் பல்சக்கரத்தை மாட்டி முடித்ததும் தனியாகக் கண்மாய் வரை போய், இறங்காமல் ஏறித் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"தை மாசம் நீங்க சைகோனுக்குத் திரும்பக் கப்பல்னு செல்லமுத்து சொன்னாரு," என்றாள்.

"டிக்கெட் எடுக்கல."

"ஏன்?"

"ஒங்களக் கேக்காம எடுக்க மனசு வரல." குரல் தழைந்தது. "ஒங்களப் பிடிச்சிருக்கு. போகச் சொன்னா போயிர்றேன்."

வேப்பிலைகளிலிருந்து மழைநீர் சொட்டியது. ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நிமிடம் யோசித்தாள். ஊர் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. எங்க ஆத்தாகிட்ட கேளுங்க."

"மாட்டேன்னுட்டாங்கன்னா?"

"நான் சரின்னுட்டேன்னு மொதல்ல சொல்லுங்க... அப்புறமாக் கேளுங்க."