தடமிலா உலா

கோகிலவாணி கண்ணைத் திறந்தபோது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. உதடு நடுங்கியது. "வேண்டாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். மாப்பிள்ளை திருமூர்த்தியின் அம்மா கொண்டுவந்த பழத்தட்டைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா வாசலைப் பார்த்தபடி கும்பிட்டார். கேசரியை யாரும் தொடவில்லை.

ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாது.

பிடரியில் பதிக்கும் தகடு வந்த பிறகு இணைய வலையை யாரும் திரையில் பார்ப்பதில்லை. கண்ணை மூடினால் மனசுக்குள்ளேயே விரியும். பார்த்ததெல்லாம் தகட்டில் தடமாகப் பதியும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஜாதகத்தோடு தடத்தையும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பையன் எதைத் தேடினான், பெண் யாரைத் தேடினாள் என்று பெரியப்பா சித்தப்பா எல்லாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊர் மானம் கப்பலேறிய நேரத்தில்தான் ஒரு நிறுவனம் தடமிலா உலாவைக் கொண்டுவந்தது. உலா முடிந்ததும் 'வைக்கவா, அழிக்கவா?' என்று கேட்கும்; அழி என்றால் தகடு துடைக்கப்படும். தகடு மூளையோடு பின்னிக் கிடப்பதால், பார்த்த நினைவும் சேர்ந்தே போய்விடும். 'உங்களுக்கே தெரியாத ரகசியத்தை யார் பறிக்க முடியும்?' என்று பேருந்துகளின் முதுகில் எல்லாம் எழுதி வைத்தார்கள்.

உடம்பை மட்டும் துடைக்க முடியவில்லை. உள்ளே பயந்தவளுக்கு வெளியே வந்தும் கை சில்லிட்டிருக்கும். சிரித்தவளுக்குச் சிரிப்பு மிச்சமிருக்கும். அதையும் விட்டுவைக்கவில்லை பொள்ளாச்சி. பெண் பார்க்கிற இடத்திலேயே பெண் மாப்பிள்ளையைத் தடமின்றித் தேடிவிட்டு வருவாள். சபை அவள் முகத்தைப் படிக்கும். மலர்ந்திருந்தால் தட்டு மாற்றுவார்கள். வெளுத்திருந்தால் வந்த வழியே கிளம்ப வேண்டியதுதான்.

திருமூர்த்தி தென்னை ஏறும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். அந்த வாரமே தோப்புக்காரர்கள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களாம். வெளியில் சொல்வது போகட்டும், பெற்றவளே ஒருநாள் சோறு போடும்போது நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"ஏஞ்சாமி, அப்படி என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலீம்மா."

"தடமில்லாமப் போவியே, அப்ப?"

அவன் போனது உண்மைதான். எத்தனையோ முறை போயிருக்கிறான். உள்ளே என்ன செய்தான்? யாரைத் தேடினான்? தெரியாது. நான் நல்லவன் என்று இத்தனை நாள் நம்பியதெல்லாம் வெறும் மறதிதானோ என்று தோன்றியது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

கோகிலவாணி வேலை பார்க்கும் விதை ஆய்வகத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. மறுநாள் சாயங்காலம் அங்கே காத்திருந்து அவளைப் பிடித்தான். அவள் முதலில் ஒதுங்கினாள். பிறகு நாலு பேர் இருக்கிற இடம்தானே என்று உட்கார்ந்தாள்.

"என்னைப் புடிக்கோணும்னு கேக்க வரலீங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு மட்டும் தெரியோணும்."

"எனக்கே தெரியலீங்களே. எதுக்குப் பயப்படறேன்னே தெரியாமப் பயந்துக்கிட்டுக் கெடக்கறேன். தூக்கமே வர்றதில்லீங்க."

"இன்னொருக்காப் போங்க. பாக்கறதை வாய்விட்டுச் சொல்லுங்க. என்ற காதை யாரும் துடைக்க முடியாதுங்களே. வெளிய வர்றப்ப, வைக்கவா அழிக்கவான்னு அது கேக்குமில்ல, வையின்னு சொல்லிருங்க."

உலாவில் வாய்விட்டுப் பேசுவதை அந்த ஊரில் அசிங்கமாக நினைப்பார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள். "வெச்சா எங்கப்பா தடத்துல பாப்பாருங்க" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தாப் பாக்கட்டும், வெச்சுக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"உங்க பேரைப் போட்டிருக்கறனுங்க. படிப்பு, தொழில், எல்லாம் வருது. ஒரு தப்பும் இல்லீங்களே."

திருமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி.

"கீழ என்னமோ இருக்குதுங்க. 'இவரைத் தேடியவர்கள்'னு. அதுல என்ற பேரு இருக்குது. தொட்டனுங்க." அவள் குரல் மாறியது. "என்ற உலா எல்லாம் இருக்குது. தடமில்லாமப் போனது பூராவும். யாரைத் தேடினேன், யாரைப் பத்தி என்ன எழுதினேன், எல்லாமே."

"அழிஞ்சிருமுன்னாங்களே?"

"என்ற தகட்டுல அழிஞ்சுதுங்க. அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட அப்படியே இருக்குது. யாரு வேணா பாக்கலாமாட்ட இருக்குது. பாத்தவங்க பேரும் போட்டிருக்குது. அப்பா பாத்திருக்காரு. அம்மா பாத்திருக்காங்க. எங்க மேனேஜர். நீங்களும் பாத்திருக்கீங்க."

திருமூர்த்தி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு எதுவும் நினைவில்லை.

"இதை நானு இப்பத்தான் கண்டுபுடிக்கலீங்க" என்றாள் அவள். கண்ணீர் வழிந்தது. "முன்னாலயே பாத்திருக்கறேன், பாத்தவங்கள்ல என்ற பேரே பல தடவை இருக்குது. ஒவ்வொருக்காவும் பாத்துட்டு அழிச்சிருக்கறேன். எல்லாரும் அப்படித்தானுங்க பண்ணியிருக்காங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு அப்பா முன்னால எப்படிங்க நிப்பேன்?"

"வையின்னு சொல்லுங்க, அம்மிணி" என்று அவன் கெஞ்சினான்.

அவள் கண் திறந்தது. அதே வெளுத்த முகம், அதே நடுக்கம். மேசையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"என்னங்க பாத்தேன்?"

ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கைப்பையைத் திறந்து, சின்னக் கண்ணாடியில் தன் முகத்தைப் படித்தாள். சபையோர் படிப்பார்களே, அப்படி. படித்து முடித்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நல்லாக் கட்டறீங்க கதை. ஒரு தப்பும் இல்லாத ஆளைப் பாத்துட்டா நானு இப்படி நடுங்கறேன்?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்கள். ஆத்திரத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"இருங்க. என்ற உலாவையும் அங்கதான வெச்சிருப்பாங்க. நான் யாருன்னு நானே பாத்து, வெச்சுக்கிட்டு வர்றேன். என்ற வாயாலயே சொல்றேன், அப்பவாவது நம்புவீங்களா?"

வை, வை, வை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினான். இந்த ஒரு விஷயத்தில் அவன் அவளைப் போல இல்லை. மறைக்க அவனிடம் எதுவும் இல்லை. அதை உறுதியாக நம்பினான்.

கண்ணைத் திறந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. பற்கள் கிட்டித்துப் போயிருந்தன. உள்ளே என்ன பார்த்தோம் என்று தேடித் தேடிப் பார்த்தான். எதுவும் இல்லை. கோகிலவாணி எழுந்து நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத் தெரிஞ்சுதுங்களா?" என்றாள், கிட்டத்தட்ட இரக்கத்தோடு.

அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். வைக்க வேண்டும் என்றுதான் போனான். அழித்துவிட்டு வந்திருக்கிறான். அவனைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க முடியாது.