அரைக்கதவுக்கு வெளியே

கடைசிக் குழந்தையும் உள்ளே போன பிறகு, யாரும் தொடாமலேயே அந்தச் சின்ன அச்சுப்பொறி இன்னொரு சீட்டைத் தள்ளியது. ரோவீனா டக்கெட் அதைக் கிழித்துப் பார்த்தாள். குழந்தையின் முதுகில் ஒட்டுகிற பாதியைக் காணோம். பெற்றவர் கையில் இருக்க வேண்டிய பாதி மட்டும் வந்திருந்தது, வெதுவெதுப்பாக, ஓர் எண்ணோடு. பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது.

கிழக்கு டென்னசியின் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சபையில், ஆராதனை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் ஊழியம் அவள் பொறுப்பில் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன் பக்கத்து மாவட்டத்துச் சபையொன்றில், மாமன் என்று சொல்லி வந்தவனிடம் ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். மாலைக்குள் பெட்ரோல் நிலையமொன்றில் குழந்தை கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த வாரத்திலிருந்து தாய்மார் யாருக்கும் நிம்மதி இல்லை. போதகர் கிரேடி, குழந்தைகளைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ரோவீனாவிடம் சொல்லியிருந்தார். இரண்டு கருவிகள் கடைசிவரை வந்தன. ஒன்று பெற்றோரின் புகைப்படத்தைத் திரையில் காட்டும். ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மற்றதில் முகத்துக்கு வேலையே இல்லை. சீட்டின் இரண்டு பாதியிலும் எண் ஒன்றாக இருந்தால் மணி ஒலிக்கும், குழந்தையைக் கொடுத்துவிடலாம்.

அவள் எண் கருவியைத்தான் முதலில் சோதனைக்கு எடுத்தாள். தவழும் குழந்தைகளைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் மிஸ் ஜெனீவாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பார்சல் ஆபீஸா கண்ணு இது? நம்பர் ஒத்துப்போச்சுன்னா யாரு எவருன்னு பாக்காம புள்ளையத் தூக்கிக் குடுத்துடறதா?"

"தெரிஞ்ச மூஞ்சின்னு நெனச்சுத்தானே பக்கத்துச் சபையில குடுத்தாங்க, மிஸ் ஜெனீவா."

அந்தப் பாதிச் சீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, கருவியை விற்கும் நிறுவனத்துப் பையன் தொலைபேசியில் சிரித்தான். காகிதச் சுருள் சரியாக உட்காராவிட்டால் இப்படிப் பாதிச் சீட்டு வருவது சகஜம் என்றான். அவள் சுருளை எடுத்து மறுபடி பொருத்தினாள். அந்தச் சீட்டைக் குப்பையில் போட்டாள். வெகுநேரம் கழித்தும் விரல்நுனியில் அந்தச் சூடு இருந்தது.

அடுத்த ஞாயிறு மழை பெய்தது. ஆராதனை முடிந்து பெற்றோர்கள் கீழ்த்தளத்து நடைவழியில் வரிசையாக நின்றார்கள். ஈரக் கோட்டுகளின் வாடையும், சிந்திய ஆப்பிள் சாற்றின் இனிப்பும், தரை துடைத்த மருந்தின் நெடியும் கலந்து கிடந்தன. ரோவீனா அரைக்கதவுக்குப் பின்னால் நின்று சீட்டு வாங்கி, எண் பார்த்து, ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தகப்பன் விலகிப் போனான். அடுத்த தாய் இன்னும் கைப்பையைத் துழாவிக்கொண்டு சற்றுத் தள்ளியே நின்றாள். கதவுக்கு எதிரே யாரும் இல்லை.

மணி ஒலித்தது.

அறைக்குள் சத்தம் அடங்கியது. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை நிறுத்தியது. ரோவீனா திரும்பிப் பார்த்தாள். எல்லாக் குழந்தைகளும் அவளைத் தாண்டி, கதவுக்கு மேலே, ஒரு பெரியவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்த பார்வை இல்லை. தெரிந்தவரைப் பார்க்கிற பார்வை. அவளுடைய மகள் ஐவியும், இரண்டரை வயது, வாயில் விரலோடு, அங்கேதான் பார்த்தாள். ஓடைச் சேற்றின் குளிர்ந்த வாடை ஒன்று ரோவீனாவின் கழுத்தருகே வந்து நின்றது. பிறகு அந்தத் தாய் சீட்டைக் கண்டெடுத்து முன்னால் வந்தாள். கைக்குழந்தை மறுபடி அழத் தொடங்கியது.

அன்றைக்கே போதகரிடம் போய், இந்தக் கருவி வேண்டாம், புகைப்படக் கருவியை வாங்கலாம் என்றாள். காரணம் கேட்டார். சொல்ல முயன்றாள், பாதியிலேயே அவருடைய முகம் இரக்கமாக மாறுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நீ நல்லா தூங்கி எத்தனை நாளாச்சும்மா?" என்று மட்டும் கேட்டார். ஆனாலும் மறுக்கவில்லை. புதியது வரும்வரை, அவரவர் பிள்ளையை அவரவர் பெயர் சொல்லி வாங்கிப் போகட்டும் என்றார். ரோவீனா கருவியை அணைத்து, அதன் பெட்டியிலேயே வைத்து, நாடா ஒட்டி, பொம்மை அலமாரியின் மேல்தட்டில் தள்ளினாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஐவி தூங்கும்போது அறைக்கதவைத் திறந்தே வைத்தாள். குழந்தை நன்றாகத்தான் இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். ஒரே ஒரு தடவை, குளிக்க வைக்கும்போது, இது யார் என்று நினைவுபடுத்திக்கொள்ள முயல்வது போல, ரோவீனாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

மூன்றாவது ஞாயிறும் மழை. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். மிஸ் ஜெனீவா டயப்பர் குப்பையைக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். மாடியில் ரோவீனாவின் கணவன் டார்சி ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. ரோவீனா அரைக்கதவைத் தாழிட்டாள். பாய்களை மடிக்கக் குனிந்தாள். ஐவி கதவருகே நின்று தாழ்ப்பாளோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அலமாரிக்குள் மணி ஒலித்தது.

ரோவீனா அசையவில்லை. பெட்டிக்குள்ளிருந்து, நாடா ஒட்டிய அட்டைக்கு அடியிலிருந்து, மறுபடி ஒலித்தது. அவளுக்கு அந்த ஒலியின் பொருள் தெரியும். எண் ஒத்துப்போய்விட்டது. கொடுத்துவிடலாம்.

சேற்று வாடை.

"ஐவி, அம்மாகிட்ட வா."

ஐவி திரும்பவில்லை. அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

அவளுடைய பாதங்கள் தரையை விட்டு எழும்பின.

ரோவீனா பாய்ந்து ஒரு காலைப் பிடித்துவிட்டாள். இழுத்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் இழுப்பு வந்தது. முரட்டு இழுப்பு இல்லை. அன்னியர் யாரோ தொட்டால், தாய் தன் பிள்ளையை மெல்ல ஒதுக்கிக்கொள்வாளே, அப்படி. நிதானமாக. விடாமல். ஐவி குனிந்து, தன் காலைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தாள். முகம் கோணியது. பயந்துபோய் வீறிட்டாள். அந்த அலறல் தன்னைப் பார்த்துத்தான் என்று புரிந்த கணத்தில் ரோவீனாவின் விரல்கள் தளர்ந்தன.

கதவின் தாழ் போட்டபடியே இருந்தது. குழந்தை கதவுக்கு மேலாகத் தாண்டிப் போனாள். நடைவழியில் ஒரு பெரியவரின் இடுப்பு உயரத்தில், அந்தரத்தில் நின்றாள். அழுகை அடங்கிற்று. அவளுடைய தலைமுடி மெல்ல அமுங்கியது, எழும்பியது, மறுபடி அமுங்கியது, யாரோ தடவிக்கொடுப்பது போல.

"டார்சி" என்று கத்தினாள் ரோவீனா. மாடியில் ஏதோ கனமாக உருண்டது. யாருக்கும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் அவள் கைக்குத் திறக்க மறுத்தது. கதவில் ஏறினாள். கால் வழுக்கியது.

ஐவி, மற்ற பிள்ளைகள் போகும்போது செய்வது போலவே, குட்டிக் கையை ஆட்டினாள்.

"பை பை, மிஸ் ரோவீனா."

பிறகு வெறும் காற்றில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். தூக்கம் வந்த கண்களோடு, ஓர் ஆள் நடக்கிற அசைவில் மெல்ல ஏறி இறங்கியபடி, நடைவழியின் கடைசிவரை போனாள். யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போலக் கண்ணாடிக் கதவு அகலத் திறந்து நின்றது. வெளியே மழை. குழந்தையின் மேல் ஒரு துளிகூட விழவில்லை.